மயிலம்மாள் காத்த கதவு

மயிலம்மாள் கதவில் நிற்கும்போதே இரும்பு உள்ளே போய்விட்டது என்று சேதி வந்தபோது, சிரம்பான் பக்கத்து ராசாவில் ஒருவரும் நம்பவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் சிரித்தேவிட்டார்கள். "போடா டேய், சூரியன் மேற்கே உதிச்சாலும் உதிக்கும், மயிலக்கா விட்டுருமா?" என்றான் ஒருவன். அப்படிப்பட்ட பெயர் அவளுக்கு. அந்தப் பெயரோடுதான் 1995ஆம் வருஷம் ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் வேலைக்குப் போனாள். பத்து மணிக்குள் பெயரும் போயிற்று, பெற்ற மகளையும் பறிகொடுக்கப் பார்த்தாள். இரும்பை உள்ளே விட்டது யார் என்று கேட்டால், வேறு யார், அவளேதான். அட ஆண்டவனே, எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

சிரம்பானிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் ஆத்துமேட்டுத் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் வேறு; ஜனங்களுக்கு அது ஆத்துமேடுதான். மயிலம்மாள் அங்கேயே பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, பதினெட்டு வருஷம் பால் மரம் வெட்டினாள், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தாள். எண்பத்தெட்டில் தோட்டத்தை விற்றார்கள். மரங்களைச் சாய்த்தார்கள், லயங்களை இடித்தார்கள், ஜனங்கள் ராசா, லோபாக், தெமியாங் என்று மூலைக்கொருவராய்ச் சிதறினார்கள். புருஷன் சன்னாசி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் பஞ்சாலையைக் கையில் பிடித்துக்கொண்டு மயிலம்மாள் ராசாவில் ஒரு பலகை வீட்டில் குடியேறினாள்.

நாலு வருஷம் கழித்து, மேட்டில் ஆயாக் கொட்டகை இருந்த அதே இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டடம் எழும்பியது. தாய்மார்கள் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்தக் கொட்டகை. அங்கேதான் அந்தக் காந்த மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆளைப் படுக்க வைத்து உள்ளே தள்ளினால் மண்டைக்குள் இருப்பதைப் படம் பிடிக்கும் மெஷின். ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி அதில் ஆளுக்கு ஒரு நாள் முறை. மூன்று நாள் கோலாலம்பூர் யுனிவர்சிட்டிக்காரர்கள், புதன்கிழமை ரப்பர் ஆராய்ச்சிக்காரர்கள், வியாழக்கிழமை ஆஸ்பத்திரி நோயாளிகள். மயிலம்மாள் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனாள்.

முதல் வாரமே மெஷின் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து எல்லாரையும் கூட்டி ஒரு வேடிக்கை காட்டினார். ஒரு ஸ்பேனரைத் தடித்த கயிற்றில் கட்டி, கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெஷின் அருகே போனார். ஸ்பேனர் அந்தரத்தில் படுத்தவாக்கில் நின்றது! கயிறு விறைத்துக்கொண்டது, மனுஷர் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டியிருந்தது. மயிலம்மாள் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "ஆத்தாடி!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"மெஷினை அடைச்சுட்டா இந்த இழுப்பு நின்னுருமா தம்பி?" என்று கணேசமூர்த்தியைக் கேட்டாள். மெஷினை ஓட்டுகிற பையன் அவன். தெமியாங்கில் பிறந்து வளர்ந்தவன்.

"அதான் இல்லக்கா. கரண்ட் போனாலும், நாம வீட்டுக்குப் போனாலும், ஹரிராயா லீவா இருந்தாலும் காந்தம் காந்தம்தான். தூங்கவே தூங்காது."

அன்றிலிருந்து அவளுக்கு அந்த அறை என்றால் ஒரு பயம், பயத்தோடு ஒரு மரியாதை. வாசலுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். பக்கத்துச் சுவரில் ஆங்கிலத்திலும் மலாயிலும் பன்னிரண்டு விதி எழுதிய பலகை. மயிலம்மாளுக்கு இரண்டுமே படிக்கத் தெரியாது. கணேசமூர்த்தியை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், நாலாவது தரம் அவளே ஒப்பித்தாள்.

ஒரு நாள் யுனிவர்சிட்டிப் பேராசிரியர் ஒருவர் கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நுழையப் பார்த்தார். மயிலம்மாள் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி நின்றுவிட்டாள். "ஐயா, நீங்க ராஜாவா இருங்க, சாவி வெளிய இருக்கட்டும்." பேராசிரியர் மூஞ்சி சிவந்து போய்ப் பெரிய டாக்டரிடம் முறையிட்டார். பெரிய டாக்டர் விசுவநாதன் செட்டிமார் வீட்டுப் பிள்ளை, அதிகம் பேசாதவர். முறையீட்டைக் கேட்டுக்கொண்டார், மறுநாள் கதவின் பித்தளைச் சாவியை மயிலம்மாள் கையில் கொடுத்துவிட்டார். "இனிமே நீங்க சரின்னாதான் ஆள் உள்ள போகணும். நான் வந்தாலும் கேளுங்க" என்றார். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வேலை வாங்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டால் ஓடி வந்து நின்ற பெண்பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்! சாவியைச் சிவப்பு நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வாள், வீட்டுக்குப் போனதும் சாமி மாடத்தில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

டாக்டரையும் கேட்டாள், எல்லாரையும் கேட்டாள். "இரும்பு இருக்கா? பெசி அடா? அயர்ன் காட்?" மூன்று பாஷையில் ஒரே மூச்சில். பசாரில் பொடிப்பயல்கள் அவளைக் கண்டால் "அயர்ன் காட்?" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். எல்லாரும் முதல் கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்வார்கள். மயிலம்மாள் அசைய மாட்டாள். மூஞ்சியையே பார்த்து, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்பாள். அந்த இரண்டாவது கேள்வியில்தான் மாட்டுவார்கள். ஒருவருக்கு இடுப்பு பெல்ட் ஞாபகம் வரும், இன்னொருவருக்குக் கொண்டை ஊசி, ஒரு தாத்தாவுக்கு ஜப்பான்காரன் காலத்தில் காலில் பாய்ந்த குண்டுத் துணுக்கு! அவரை அன்றைக்கு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள், டாக்டர் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

தங்கத்தைக் காந்தம் தொடாது என்றாலும் தாலியையும் கழற்றத்தான் வேண்டும் என்பது விதி. கழற்றச் சொன்னால் பெண்கள் அழுவார்கள். அதற்கும் அவளே வழி செய்தாள். மஞ்சள் தடவிய நூலில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டித் தயாராக வைத்திருப்பாள். "இத கட்டிக்கடி தாயி, இதுவும் தாலிதான்" என்று அவளே கழுத்தில் கட்டி அனுப்புவாள். விதியும் தப்பாது, அவர்கள் மனசும் நோகாது.

ஆனால் ஊருக்கெல்லாம் இரும்பைக் கழற்றுகிறவள் இடுப்பில் எப்போதும் ஒரு இரும்பு இருந்தது. அதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அவளுக்கு வராது.

அவளுக்குத் தலைப்பிள்ளை ஆண் பிள்ளை. பச்சைப் பிள்ளைக்குக் காத்து கருப்பு அண்டாமல் இருக்கத் தலைமாட்டில் இரும்பு வைக்க வேண்டும் என்பது தெரிந்ததுதானே. சன்னாசி தன் பால்வெட்டும் கத்தியை வைத்திருந்தார். பிள்ளைக்கு ஒன்றரை மாசம் ஆனபோது அவளை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். போன முதல் நாளே அவள் கத்தி முனை உடைந்துவிட்டது. மண்டோர் நின்று ஏசினான். ஓடிப்போய் ஆயாக் கொட்டகையில் தொட்டிலில் கிடந்த பிள்ளையின் தலைமாட்டிலிருந்து அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு வெட்டுக்குப் போனாள். உச்சிப் பொழுதில் திரும்பி வந்தபோது பிள்ளை ஜன்னி கண்டு விறைத்துப் போயிருந்தது. காய்ச்சல் என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர். மயிலம்மாள் கேட்டுக்கொண்டாள், ஒரு சொல்கூட நம்பவில்லை. நான் இரும்பை எடுத்தேன், அதனால் போனான். அவ்வளவுதான் அவளுக்கு.

அந்தக் கத்தியின் கைப்பிடி உளுத்துப்போய் இரும்பு மட்டும் மிஞ்சியது. துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள். காலையில் மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு பழைய மைலோ டின்னில் அதைப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள், சாயங்காலம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். ஒரு நாள் மறந்ததில்லை. "மயிலக்கா, பேய்க்கு அங்க பயப்படுறீங்க, காந்தத்துக்கு இங்க பயப்படுறீங்க, எப்பத்தான் நிம்மதியா இருப்பீங்க?" என்று கணேசமூர்த்தி கேலி செய்வான். "உனக்கு ஒண்ணு பொறக்கட்டும், அப்பத் தெரியும்" என்பாள்.

பஞ்சாலை செனாவாங்கில் பேக்டரி வேலைக்குப் போய், லோரி ஓட்டுகிற வீரமுத்துவைக் கட்டிக்கொண்டு, லோபாக்கில் குடியிருந்தாள். தொண்ணூற்றைந்தில் அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு தீராத தலைவலி. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வலி. பிறகு பார்வையும் மங்கத் தொடங்கியது. மூளை நரம்பில் ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே பார்த்தாக வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள், வியாழக்கிழமை முறையில் பஞ்சாலையின் பெயர். எந்த மெஷினுக்கு? ஆத்துமேட்டு மெஷினுக்கேதான்.

மகள் பச்சை உடம்புக்காரி. அதே மேடு. அதே கொட்டகை இருந்த இடம். அங்கே பிணம் மாதிரி மல்லாந்து படுத்து, ஒரு குகைக்குள் போக வேண்டும், அதுவும் இரும்பு இல்லாமல்! ஏற்கெனவே ஒரு பிள்ளையை அங்கே இரும்பு இல்லாமல் விட்டுப் பறிகொடுத்தவள் மயிலம்மாள். மூன்று நாள் தூங்கவில்லை.

அன்று காலை லோபாக்கில் மகளுக்கு வயிற்றுக் கட்டு கட்டிவிட்டது மயிலம்மாள்தான். பழைய வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றினாள். கடைசிச் சுற்றுக்கு முன்னால், மகள் வலியில் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து, அரை விரல் நீள ஆணி ஒன்றைத் துணி முனையில் முடிந்து உள்ளே செருகிவிட்டாள். பேராசிரியரின் சாவியை மறித்த அதே கை! இத்துணூண்டு ஆணி, மூன்று சுற்றுத் துணிக்குள் இருக்கிறது, அது என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஸ்பேனரைக் கண்ணால் பார்த்தவள் அவள். தெரியாமல் செய்தாள் என்று யாராவது சொன்னால் அது பொய்.

மஞ்சள் கோட்டில் பஞ்சாலையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மயிலம்மாள் மகளின் கம்மலைக் கழற்றினாள், மெட்டியைக் கழற்றினாள், தாலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மஞ்சள் நூலைக் கட்டினாள். "இரும்பு இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் பஞ்சாலை. பாவம், அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

மயிலம்மாள் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கவில்லை.

கணேசமூர்த்திக்கு ஒரு சந்தேகம் தட்டியது. "வயித்துல என்னக்கா கட்டியிருக்கு?"

"துணிதான் தம்பி. பச்சை உடம்பு, அவுக்கக் கூடாது."

"நீங்க சொன்னா சரிக்கா" என்றான் அவன்.

அந்த மூன்று சொல்லையும் மயிலம்மாள் சாகிறவரை மறக்கப் போவதில்லை. நீங்க சொன்னா சரிக்கா.

பஞ்சாலையைப் படுக்க வைத்தான், பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தினான். படுக்கைப் பலகை மெல்ல நகர்ந்தது. தலை உள்ளே போயிற்று, தோள் போயிற்று. கதவை இன்னும் சாத்தவில்லை. மயிலம்மாள் கோட்டுக்கு வெளியே நின்று முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வயிறு மெஷின் வாய்க்கு வந்ததுதான் தாமதம், கட்டுத் துணி கூடாரம் மாதிரி எழும்பியது. பஞ்சாலை அலறினாள்.

"அம்மா! யாரோ இழுக்குறாங்கம்மா! வயித்தப் பிடிச்சு இழுக்குறாங்க! அம்மா!"

கடவுளே, அவள் அந்த நேரத்தில் அதையா சொல்ல வேண்டும்!

இழுப்பது தான் முடிந்த ஆணி என்று மயிலம்மாளுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் அந்த அறையைக் காத்தவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆயாக் கொட்டகை, உச்சிப் பொழுது, விறைத்த பிள்ளை. வந்துவிட்டது, இவளையும் கொண்டுபோக வந்துவிட்டது. உள்ளே யார் கத்தினாலும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது சுவர்ப் பலகையில் ஆறாவது விதி. ஆயிரம் பேருக்கு அதை ஒப்பித்தவள், மைலோ டின்னுக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடினாள்.

"அக்கா, வேணாம்!" என்று கணேசமூர்த்தி தொண்டை கிழியக் கத்தினான். பலகையை வெளியே இழுக்கும் பொத்தானை அதற்குள் அழுத்தியிருந்தான். பஞ்சாலையின் முகம் வெளியே வந்துகொண்டிருந்தது.

கத்தியை யாரோ வெடுக்கென்று பிடுங்கியது போல இருந்தது. கை எரிந்தது, பார்த்தால் உள்ளங்கை பிளந்து ரத்தம். கத்தி எங்கே? மெஷினுக்குள் டமார் என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கன்னத்தைப் பொத்தியிருந்த பஞ்சாலையின் விரல்களுக்கு நடுவிலிருந்து ரத்தம் இறங்கி, கழுத்தில் கட்டிய மஞ்சள் நூலைச் சிவப்பாக்கியது. காதோரத்திலிருந்து உதட்டு முனைவரை கீறிவிட்டுப் போயிருந்தது கத்தி. இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தால் கழுத்து. வயிற்றுக் கட்டு கிழிந்து தொங்கியது. ஆணியைக் காணோம்.

அப்போதுதான் மயிலம்மாளுக்குப் புரிந்தது. பஞ்சாலை கிழிந்த துணியைப் பார்த்தாள், மெஷினின் உள்சுவரில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த கத்தியைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த கத்தி. அழுதிருந்தாலாவது, ஏசியிருந்தாலாவது தேவலை என்று மயிலம்மாளுக்கு இருந்தது.

பஞ்சாலையின் கன்னத்தில் பதினொரு தையல். மறுநாளே கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் அங்கே படம் எடுத்தார்கள். டாக்டர்கள் பயந்தபடி நரம்பில் ரத்தம் கட்டித்தான் இருந்தது. நேரத்தோடு கண்டுபிடித்ததால் மருந்திலேயே கரைந்தது, பார்வையும் திரும்பியது. தெய்வாதீனம் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே ஆத்துமேட்டில் மெஷினை இரண்டு வாரம் நிறுத்திவைத்து, மூன்று ஆட்கள் சேர்ந்து அந்தக் கத்தியைப் பிடுங்கினார்கள்.

டாக்டர் விசுவநாதன் விபத்துப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "ஆணி இருந்தது உங்க மகளுக்குத் தெரியாதுதானே? உங்களுக்கும் தெரியாதுன்னு எழுதலாமா? வேலையைக் காப்பாத்த முடியுமான்னு பாக்குறேன்" என்றார். அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

"ஆணியும் நான்தான் டாக்டர், கத்தியும் நான்தான்" என்றாள் மயிலம்மாள். "கணேசமூர்த்தி தம்பி மேல ஒண்ணும் எழுதாதீங்க. அது கேட்டுச்சு. நான்தான் துணின்னு சொன்னேன்." சாவியைச் சிவப்பு நாடாவோடு கழற்றி மேசையில் வைத்தாள். கத்தி பிளாஸ்டிக் பையில் கட்டி அங்கேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது நாள் பஞ்சாலை அம்மாவைக் கூப்பிடவில்லை. ராசாவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். கதவைக் காக்கச் சொன்னால் கழுத்தை அறுக்கப் பார்த்தாள் என்றுகூடச் சொன்னார்கள். நாக்கில் நரம்பில்லாத ஜனங்கள். நாற்பத்தோராம் நாள் மருமகன் வீரமுத்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். "வாங்கத்தை, பிள்ளையைப் பாத்துட்டு வரலாம். அவ கூப்பிடல, நான்தான் கூப்பிடுறேன்" என்றான்.

லோபாக் வீட்டு வாசலில் பஞ்சாலை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். தழும்பு காதிலிருந்து உதடுவரை மினுமினுவென்று ஓடியது. மயிலம்மாளால் அதைப் பார்க்க முடியவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தாள். கையை நீட்டிக்கொண்டு படியேறப் போனாள்.

பஞ்சாலை ஒரு எட்டுப் பின்னால் போனாள். "இரும்பு இருக்கா?" என்று கேட்டாள்.

மயிலம்மாள் படியிலேயே நின்றாள். முந்தானையை உதறிக் காட்டினாள். இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தாள். வெற்றிலைக் காம்பு ஒன்று விழுந்தது. "இல்லடி" என்றாள்.

பஞ்சாலை அசையவில்லை. அம்மாவின் மூஞ்சியையே பார்த்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

மயிலம்மாளின் கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. ஒரே ஒரு கொண்டை ஊசி. அதை உருவி வாசல் பூந்தொட்டி விளிம்பில் வைத்தாள். கொண்டை அவிழ்ந்து நரைத்த முடி தோளில் சரிந்தது. தையல் காய்ந்த உள்ளங்கையையும் மற்றக் கையையும் மகளுக்கு விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகுதான் பஞ்சாலை பிள்ளையைக் கொடுத்தாள்.